பெட்டிக்குள் தூங்கி, தோலில் விழிக்க: குளுக்கோஸ் சென்சார் மின்சுற்றை எழுப்புவதற்கான முழுமையான வழிகாட்டி

கையில் ஒட்டிக்கொள்ளும் குளுக்கோஸ் சென்சார் வேலை செய்வது 10 நாள், 14 நாள். அதற்கு முன் உறையிட்ட பெட்டிக்குள் கிடங்கிலும் மருந்துக்கடை அலமாரியிலும் ஒன்றரை வருடம் வரை கிடக்கலாம். பேட்டரி உள்ளேயே மூடப்பட்டிருக்கும், மாற்ற வழியில்லை. தோலில் ஒட்டிய நிமிடத்தில் விழித்துவிட வேண்டும், அதற்கு முன் ஒருபோதும் விழிக்கக்கூடாது. இந்த வகைக் கருவியில் பேட்டரி தீர்ந்துபோவது பெரும்பாலும் உழைப்பால் அல்ல, காத்திருப்பால்தான்.

சேலம் வட்டாரக் கல்லூரிகளில் இறுதியாண்டு ப்ராஜெக்டாக இதை எடுப்பவர்களையும், சிறு மருத்துவக் கருவிப் பட்டறைகளில் போர்டு வடிவமைப்பவர்களையும் மனதில் வைத்து எழுதியது இது. சொல்லப்படுபவை எல்லாம் மேசைச் சோதனைக்கு மட்டும். மனித உடலில் வைக்க வேண்டுமானால் மருத்துவக் கருவிகள் விதிகள் 2017-இன் படி உரிமமும் மருத்துவ ஆய்வு அனுமதியும் தேவை. அதில் குறுக்குவழி கிடையாது.

முதலில் கணக்கு

மெலிதான கருவிக்குப் பொருந்தும் சிஆர்1216 காசு செல்லை எடுத்துக்கொள்வோம். 3 வோல்ட், சுமார் 25 மில்லி ஆம்பியர் மணி. ஒன்றரை வருடம் என்றால் 13,140 மணி நேரம். அலமாரியில் 1 மைக்ரோ ஆம்பியர் மட்டுமே ஒழுகினாலும் 13.1 மில்லி ஆம்பியர் மணி போய்விடும். செல்லில் பாதி காலி.

வேலை செய்யும்போது ஆகும் செலவு? 5 நிமிடத்துக்கு ஒருமுறை புளூடூத்தில் ஓர் அளவை அனுப்பி, இடையில் தூங்கும் சுற்றுக்குச் சராசரி 15 மைக்ரோ ஆம்பியர் என்று வைப்போம். 14 நாளுக்கு 336 மணி, மொத்தம் 5 மில்லி ஆம்பியர் மணிதான். காத்திருப்புச் செலவு உழைப்புச் செலவைப் போல இரண்டரை மடங்கு. ரேடியோவில் அரை மைக்ரோ ஆம்பியர் மிச்சம் பிடிக்க ஒரு மாதம் மெனக்கெடுவதைவிட, அலமாரி ஒழுக்கை நானோ ஆம்பியர் கணக்குக்கு இறக்குவதே லாபம்.

"மைக்ரோகன்ட்ரோலரைத் தூங்க வைத்தால் போதாதா?" என்ற கேள்வி வரும். என்ஆர்எஃப்52832 சிப் முழு உறக்கத்தில் 0.3 மைக்ரோ ஆம்பியர் எடுக்கும். சென்சார் மின்னோட்டத்தை அளக்கும் முன்முனைச் சிப்பின் உறக்கத்துக்கு ஒரு 0.6 சேருங்கள். அசைவை உணர ஏடிஎக்ஸ்எல்362 வைத்தால் அதன் விழிப்புநிலைக்கு 0.27. கூட்டினால் 1.17, ஒன்றரை வருடத்துக்கு 15.4 மில்லி ஆம்பியர் மணி. உழைப்புக்கான 5-ஐயும் சேர்த்தால் 20-ஐத் தாண்டும். தாளில் 25-க்குள் வருகிறதே என்று திருப்திப்பட வேண்டாம். உறையில் 25 அல்லது 30 டிகிரிக்குள் வைக்கவும் என்று அச்சிட்டிருந்தாலும், சித்திரை மாதச் சேலத்தில் கூரியர் வண்டிக்குள் வெப்பம் அதை மதிக்காது. குறைக்கடத்தியின் ஒழுக்கு மின்னோட்டம் 10 டிகிரிக்கு ஏறத்தாழ இரு மடங்காகும். 25-இல் அளந்தது 45-இல் நான்கு மடங்கு. செல்லின் தன்னிழப்பும் சூட்டில் கூடும்.

ஆகவே அலமாரியில் இருக்கும்போது சிப்புகளுக்கு மின்சாரமே போகக்கூடாது. பேட்டரிக்கும் மற்ற எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு மாஸ்ஃபெட் (வோல்டேஜால் திறந்து மூடும் குறைக்கடத்தி ஸ்விட்ச்) கதவு வைக்க வேண்டும்.

கதவை எது திறப்பது?

பேட்டரித் தொடுமுனையில் சொருகிய பிளாஸ்டிக் நாக்கை உருவுவது மலிவு. ஆனால் நாக்கு வெளியே வர ஓட்டை வேண்டும், ஓட்டை இருந்தால் குளிக்கும்போது தண்ணீர் நுழையும். ஒட்டும்போது அமுங்கும் சிறு இயந்திர ஸ்விட்சுக்கு மலைப்பாதையே எதிரி. சேலம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500 மீட்டருக்குப் பக்கம். காற்றழுத்தம் 98 கிலோ பாஸ்கலிலிருந்து 85-க்கு இறங்கும். காற்றுப் புகாத உறை கொடுத்தால் உள்ளிருக்கும் காற்று 15 சதவீதம்போல விரியும். கீழே வாங்கிய சிப்ஸ் பாக்கெட் ஏரிக்கரை போய்ச் சேர்வதற்குள் உப்பிக்கொள்வதும் இதனால்தான். உப்பிய உறை மூடியை நகர்த்தி, ஸ்விட்சின் மேலிருக்கும் அழுத்தத்தை மாற்றிவிடும்.

அசைவுமானியை மட்டும் நம்பவே கூடாது. ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு பார்சல் படும் குலுக்கலுக்கும் ஒருவர் கையில் ஒட்டும் தட்டலுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க நிரல் எழுதலாம். அந்த நிரல் ஓடவே மின்சாரம் வேண்டுமே. ஒளி உணரி பெட்டியைத் திறந்ததும் விழிக்கும், ஒட்டியதும் அல்ல. திறந்து பார்த்து மூடி வைப்பவர்கள் நிறையப் பேர்.

மிஞ்சுவது இரண்டு. ஒன்று, ஒட்டும் கருவியில் (சென்சாரைத் தோலில் பதித்துவிட்டு விலக்கும் அப்ளிகேட்டர்) காந்தம் வைத்து, அது விலகியதும் விழிப்பது. இரண்டு, ஃபோனின் என்எஃப்சி (மிக அருகில் காட்டினால் இணையும் கம்பியில்லாத் தொடர்பு) அலையால் விழிப்பது. சந்தையில் உள்ள சென்சார்களில் ஃப்ரீஸ்டைல் லிப்ரே ஸ்கேன் செய்தால் தொடங்கும் வகை. டெக்ஸ்காம் ஜி7 தோலில் செருகியதும் தானே தொடங்கும் வகை. பயனரிடம் எதையும் கேட்காமல் தொடங்குவதே நல்லது என்பது எங்கள் கட்சி. வயதானவர்களிடம் "ஃபோனை இங்கே காட்டுங்க" என்று சொல்லிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே முதல் சாவி காந்தம். ஆனால் ஒரு சாவி போதாது. காந்தம் விலகியதும் சுற்று விழிக்கலாம், தோலுக்குள் போகும் மின்முனை உடல் திரவத்தில் நனைந்திருக்கிறது என்று உறுதியான பிறகே சென்சாரின் ஆயுள் கணக்கு தொடங்க வேண்டும். இந்த இரண்டு சாவி ஏற்பாடுதான் கீழே வரும் சுற்றின் உயிர்.

தேவையான பொருட்கள்

சிஆர்1216 செல்லும் அதன் தாங்கியும். செல் கிடைக்காவிட்டால் முதல் சுற்றுச் சோதனைக்கு எந்தக் கடையிலும் கிடைக்கும் சிஆர்2032 போதும். பி-வகை மாஸ்ஃபெட் ஏஓ3401ஏ ஒன்று (க்யூ1). என்-வகை பிஎஸ்எஸ்138 இரண்டு (க்யூ2, க்யூ3). மின்தடைகள்: 2.2 மெகா ஓம், 22 மெகா ஓம், 4.7 மெகா ஓம், 1 கிலோ ஓம், 1 மெகா ஓம், 15 கிலோ ஓம், சோதனைக்கு 100 கிலோ ஓம். 10 நானோ ஃபாரட் செராமிக் ஒன்று, 100 மைக்ரோ ஃபாரட் அளவுக்கு செராமிக் மின்தேக்கிகள். காந்தம் வந்தால் மூடும் வகை ரீட் ஸ்விட்ச் (கண்ணாடிக் குழாய்க்குள் இரு உலோக நாக்கு; மூடினால் அவை தொட்டு மின்சாரம் பாயும்). நீளவாக்கில் காந்தமூட்டிய சிறு பட்டைக் காந்தம். புளூடூத் போர்டு ஏதாவது ஒன்று, இங்கே என்ஆர்எஃப்52832 என்று வைத்துச் சொல்கிறோம்.

2என்7002 வீட்டில் கிடக்கிறது என்று அதைப் போடாதீர்கள். அதன் திறப்பு வோல்டேஜ் 2.5 வரை போகலாம். புது செல்லில் ஓடும், பாதி தீர்ந்த செல்லில் பல்லிளிக்கும். பிஎஸ்எஸ்138-க்கு அந்த எல்லை 1.5 வோல்ட்.

நனைவுச் சோதனைக்கு ஒப்பு மின்முனை (அளவீட்டுக்கு நிலையான ஆதாரமாக நிற்பது) வேண்டும். இதில் சேலத்துக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளில் கொலுசுக்கு முந்தைய தூய வெள்ளிக் கம்பி கேளுங்கள். செம்பு கலந்த கம்பி வேண்டாம், 99.9 தூய்மை வேண்டும். 0.5 மில்லிமீட்டர் கம்பியில் சிறு துண்டு போதும். மெல்லிய எமரித் தாளால் தேய்த்து, துணி வெளுக்கும் ஹைப்போகுளோரைட் கரைசலில் அரை மணி ஊற வைத்தால் மேலே சாம்பல் நிற வெள்ளிக் குளோரைடு படியும். கழுவி, வெயில் படாமல் வைக்கவும். உடல் திரவத்துக்குப் பதிலாக 0.9 சதவீத உப்புநீர், மருந்துக்கடை சலைன் பாட்டிலே போதும்.

கதவுச் சுற்றைக் கட்டுதல்

1. மாஸ்ஃபெட்டுக்கு மூன்று கால்: சோர்ஸ், டிரெயின் வழியே மின்சாரம் பாயும், கேட் அதைக் கட்டுப்படுத்தும். க்யூ1-இன் சோர்ஸ் பேட்டரியின் பாசிட்டிவுக்கு, டிரெயின் சுற்றின் மின்வழிக்கு. இதைத் திருப்பிப் போட்டால் மாஸ்ஃபெட்டின் உள் டையோடு வழியே மின்சாரம் எப்போதும் பாயும். "கதவு மூடவே மாட்டேன்கிறது" என்று வரும் போர்டுகளில் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்.

2. க்யூ1-இன் கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவே 2.2 மெகா ஓம். இங்கே 10 மெகா போட்டால் இன்னும் மிச்சம் என்று தோன்றும். தவறு. அலமாரியில் க்யூ2 மூடியிருக்கும்போது இந்தத் தடையில் மின்சாரமே ஓடாது, பெரிதாக்கி மிச்சம் ஒன்றும் இல்லை. மாறாக, சூட்டில் க்யூ2 100 நானோ ஆம்பியர் ஒழுகினால் 10 மெகாவின் குறுக்கே 1 வோல்ட் விழுந்து, க்யூ1 அரைகுறையாகத் திறந்துவிடும். 2.2 மெகாவில் அதே ஒழுக்கு 0.22 வோல்ட் மட்டுமே. வேலை செய்யும் 14 நாளில் இது எடுப்பது 1.4 மைக்ரோ ஆம்பியர், மொத்தம் அரை மில்லி ஆம்பியர் மணிகூட இல்லை.

3. க்யூ2-இன் டிரெயின் க்யூ1-இன் கேட்டுக்கு, சோர்ஸ் தரைக்கு. க்யூ2-இன் கேட்டிலிருந்து பேட்டரி பாசிட்டிவுக்கு 22 மெகா ஓம். அதே கேட்டிலிருந்து 1 கிலோ ஓம் வழியாக ரீட் ஸ்விட்ச், அதன் மறுமுனை தரைக்கு. காந்தம் பக்கத்தில் இருக்கும்வரை ரீட் மூடி, க்யூ2-ஐ அமுக்கி வைக்கும். காந்தம் விலகியதும் 22 மெகா மேலே இழுத்துக் கதவைத் திறக்கும். இந்த 22 மெகா மட்டும்தான் அலமாரியில் ஓடும் மின்னோட்டம்: 0.136 மைக்ரோ ஆம்பியர், ஒன்றரை வருடத்துக்கு 1.8 மில்லி ஆம்பியர் மணி. காந்தம் வந்தால் திறக்கும் வகை ரீட் கிடைத்தால் இதையும் சுழியாக்கலாம். ஆனால் அந்த வகை அரிது, அளவிலும் பெரிது.

4. க்யூ2-இன் கேட்டிலிருந்து தரைக்கு 10 நானோ ஃபாரட். காந்தம் ஒரு கணம் தள்ளாடினால் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க இது. 22 மெகாவோடு சேர்ந்து சுமார் 0.2 விநாடித் தாமதம் தரும். கூடுதல் பாதுகாப்பு என்று 1 மைக்ரோ ஃபாரட் போடாதீர்கள். கேட் மெல்ல ஊர்ந்தால் க்யூ1-உம் மெல்லத் திறந்து, மின்வழி வோல்டேஜ் ஆமை வேகத்தில் ஏறும். என்ஆர்எஃப்52832-க்கு சுழியிலிருந்து 1.7 வோல்ட்டுக்கு 60 மில்லி விநாடிக்குள் ஏறியாக வேண்டும். அதைத் தாண்டினால் ரீசெட் சரியாக நடக்காமல் சிப் பாதி உயிரோடு உறைந்து நிற்கலாம். மேசையில் பத்துக்கு ஒன்பது முறை ஓடி, பத்தாவது முறை செத்துக் கிடக்கும் பழுதின் வேர் பல சமயம் இதுதான்.

5. க்யூ3-ஐ க்யூ2-வுக்கு இணையாகப் போடுங்கள். அதன் கேட் மைக்ரோகன்ட்ரோலரின் ஒரு பின்னுக்கு, கூடவே தரைக்கு 4.7 மெகா. இது நிரல் கையில் இருக்கும் பூட்டு. உடலில் ஒட்டிய பிறகு காந்தத்தால் பிடித்துக்கொள்ளும் ஃபோன் உறையோ காந்தப் பூட்டுள்ள கைப்பையோ பக்கத்தில் வந்தால் ரீட் மறுபடி மூடும். க்யூ3 இல்லாவிட்டால் அந்த நொடியே கருவி செத்துவிடும்.

6. 100 மைக்ரோ ஃபாரட் தேக்கியைக் கதவுக்குப் பின்னால், அதாவது க்யூ1-இன் டிரெயின் பக்கம் வையுங்கள். புளூடூத் அனுப்பும் சில மில்லி ஆம்பியர் துடிப்பைச் சிறு செல்லால் தாங்க முடியாது, வோல்டேஜ் சரிந்து ரீசெட் ஆகும். அதற்குத்தான் இந்தத் தேக்கி. இதையே பேட்டரிக்கு நேராகப் போட்டால் தேக்கியின் சொந்த ஒழுக்கே அலமாரிக் கணக்கைத் தின்னும். டான்டலம் தேக்கிக்குத் தரவுத்தாள் அனுமதிக்கும் ஒழுக்கைக் கணக்கிட்டுப் பாருங்கள். 100 மைக்ரோ, 6.3 வோல்ட் வகைக்கு 6 மைக்ரோ ஆம்பியர் வரை வரும்.

கதவு எதுவும் வைக்காமல் ரீட் ஸ்விட்சை நேராக மைக்ரோகன்ட்ரோலர் பின்னில் கோத்து, பின்னை மேல் வோல்டேஜுக்கு இழுக்கும் உள் இழுதடையைப் போட்டுவிடுகிற வழக்கமும் உண்டு. என்ஆர்எஃப்52 குடும்பத்தில் அந்த உள் தடை சுமார் 13 கிலோ ஓம். ஸ்விட்ச் மூடிய நிலையில் பெட்டிக்குள் போனால் 230 மைக்ரோ ஆம்பியர். சிஆர்1216 ஐந்து நாள் தாங்காது.

காந்தத்தை வைக்கும் விதம்

வட்டக் காந்தத்தை ரீட் ஸ்விட்சின் நடுவயிற்றுக்கு நேர் மேலே, தட்டையாக வைத்தால் ரீட் மூடாது. அங்கே ரீட் நீளவாக்கில் புலம் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். ஒன்று பட்டைக் காந்தத்தை ரீட்டுக்கு இணையாக வையுங்கள், அல்லது வட்டக் காந்தத்தை ரீட்டின் ஒரு முனைக்கு நகர்த்துங்கள்.

ரீட்டின் கண்ணாடி உடையும் என்று பயந்தால் ஹால் ஸ்விட்ச் (காந்தப்புலத்தை உணரும் சிப்) உண்டு. டிஆர்வி5032-இன் 5 ஹெர்ட்ஸ் வகை 1.8 வோல்ட்டில் 0.54 மைக்ரோ ஆம்பியர் எடுக்கும், 3 வோல்ட்டில் இன்னும் சற்றுக் கூட. அலமாரியில் அது தொடர்ந்து ஓடுவதால் 7 முதல் 9 மில்லி ஆம்பியர் மணி போகும். செல்லைப் பெரிதாக்க இடமிருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள். எஸ்ஓடி23 உறையில் வருபவை தங்கள் முகத்துக்குச் செங்குத்தான புலத்தை உணர்வதால் அதற்கு வட்டக் காந்தம் நேர் மேலே இருப்பதே சரி, ரீட்டுக்கு நேரெதிர்.

தூரத்தில் தாராளம் வேண்டாம். 5 மில்லிமீட்டர் விட்டம், 2 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட என்35 காந்தம் தன் அச்சில் 5 மில்லிமீட்டர் தள்ளி சுமார் 28 மில்லி டெஸ்லா தரும். 10-இல் அது 5. 15-இல் 2-க்கும் கீழே. 4, 5 மில்லி டெஸ்லாவில் மாறும் உணரிக்கு 5 மில்லிமீட்டரில் ஆறு மடங்கு தெம்பு இருக்கிறது, 10-இல் ஒன்றுமே இல்லை. ஒட்டும் கருவியின் மூடி ஒரு மில்லிமீட்டர் வளைந்தாலும் தாங்கும்படி 4 அல்லது 5 மில்லிமீட்டருக்குள் நிறுத்துங்கள். பூமியின் காந்தப்புலம் 0.04 மில்லி டெஸ்லா அளவுதான். சேலத்தை அடுத்த கஞ்சமலையில் மேக்னடைட் என்ற காந்தக் கல் இருக்கிறதே, அங்கே போனால் விழித்துக்கொள்ளுமா என்று கேட்பவர்களுக்கு: விழிக்காது, தூங்கவும் வைக்காது.

நிஜமான தொந்தரவு பக்கத்திலேயே இருக்கிறது. காசு செல்லின் கூடு காந்தம் ஒட்டும் எஃகு. அது புலத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், ரீட் மூடும் தூரம் குறையும். ஆகவே செல் இல்லாத வெறும் போர்டில் அளந்த தூரத்தை நம்பாதீர்கள். செல், ஊசி, ஒட்டும் கருவியின் ஸ்பிரிங் எல்லாம் இருக்கும் நிலையில் மூடும் தூரத்தையும் திறக்கும் தூரத்தையும் தனித்தனியே அளக்கவும். இரண்டும் ஒன்றல்ல. மூடிய ரீட் திறக்க, மூடிய தூரத்தைவிட அதிகம் விலக வேண்டும். பிறகு பெட்டிகளை அடுக்கிப் பாருங்கள். அடுத்த பெட்டியின் காந்தம் எதிர்த்திசையில் இருந்து இந்தப் புலத்தைக் குறைக்கிறதா என்பது முக்கியம்.

இரண்டாவது சாவி: நனைந்ததா?

கதவு திறந்து நிரல் ஓடத் தொடங்கியதும் முதல் வேலை மின்முனைகளுக்கு நடுவே திரவம் இருக்கிறதா என்று பார்ப்பது. 3 வோல்ட்டை நேராகக் கொடுத்துப் பார்ப்பது சென்சாரைக் கொல்லும் வழி. நொதிப் படலமும் வெள்ளிக் குளோரைடும் அதைத் தாங்காது. 1 மெகா ஓமும் 15 கிலோ ஓமும் கொண்ட வோல்டேஜ் பிரிப்பான் போட்டால் திறந்த நிலையில் 44 மில்லி வோல்ட் வரும். அதை மட்டும், அதுவும் ஒரு நொடித் துளிக்கு, மின்முனைக்குக் கொடுங்கள்.

வறண்டிருந்தால் 44 அப்படியே நிற்கும். நனைந்திருந்தால் சரியும். எப்போது அளக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. திரவத்தில் இருக்கும் மின்முனை ஒரு தேக்கியைப் போல நடந்துகொள்ளும். உண்மையான சென்சாரின் வேலை மின்முனைப் பரப்பு 0.1 சதுர மில்லிமீட்டர் அளவு என்றால் அதன் தேக்கம் 20 நானோ ஃபாரட் அளவே. துடிப்பு தொடங்கி 50 மைக்ரோ விநாடியில் அளந்தால் 15 மில்லி வோல்ட் போலக் காட்டும். 1 மில்லி விநாடி கழித்து அளந்தால் அந்தத் தேக்கி நிரம்பி 40-க்கு மேல் ஏறியிருக்கும், நனைந்த சென்சார் வறண்டதாகத் தெரியும். வெள்ளிக் கம்பியையும் ஊசி முனையையும் சலைனில் முக்கிச் சோதிக்கும்போது இது பிடிபடாது. 5 மில்லிமீட்டர் முங்கிய கம்பியின் பரப்பு உண்மைச் சென்சாரைப் போல எழுபது, எண்பது மடங்கு இருக்கும், தேக்கமும் அப்படியே. எப்போது அளந்தாலும் "நனைந்தது" என்றே சொல்லும். ஆகவே கம்பியின் முனையை மட்டும் விட்டு மற்றதை நகப்பூச்சால் மூடிச் சோதியுங்கள். வரம்பு 30 மில்லி வோல்ட், அளக்கும் நேரம் 50 மைக்ரோ விநாடி என்று வைத்துத் தொடங்கலாம்.

இந்தப் பிரிப்பானை அளவீட்டின்போது முழுவதுமாகக் கழற்றிவிட வேண்டும். குளுக்கோஸ் தரும் மின்னோட்டம் சில நானோ ஆம்பியரிலிருந்து சில பத்து நானோ வரைதான். மைக்ரோகன்ட்ரோலர் பின்னின் ஒழுக்கே அதற்குச் சமமாகிவிடும். ஒழுக்கு குறைந்த அனலாக் ஸ்விட்ச் ஒன்று நடுவில் வையுங்கள். முன்முனைச் சிப்பிலேயே மின்தடை அளக்கும் வசதி இருந்தால் இந்தத் தலைவலி இல்லை.

நிரலின் ஓட்டம் இப்படி இருக்கட்டும். விழித்ததும் க்யூ3-ஐப் பூட்டாதே. முதல் 5 நிமிடம் 10 விநாடிக்கு ஒருமுறை நனைவைப் பார். தொடர்ந்து மூன்று முறை நனைந்திருந்தால் க்யூ3-ஐப் பூட்டு, தொடக்க நேரத்தை ஃபிளாஷ் நினைவகத்தில் எழுது, சூடேறும் காலத்தை (அளவை நம்பும் முன் சென்சார் நிலைப்படும் நேரம்) தொடங்கு, 100 மில்லி விநாடிக்கு ஒருமுறை வேக விளம்பரம் (ஃபோன் கண்டுபிடிக்க அனுப்பும் புளூடூத் அறிவிப்பு) செய். மூன்று நிமிடத்தில் ஃபோன் இணையாவிட்டால் விளம்பரத்தை 1 விநாடி இடைவெளிக்குத் தளர்த்து. 5 நிமிடத்தில் நனையவில்லையா, ரேடியோவைத் தொடாதே, 5 நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் எழுந்து பார்.

பூட்டாமல் காத்திருப்பதில் ஒரு நன்மை உண்டு. யாரோ பெட்டியைத் திறந்து, கருவியை எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தால் காந்தம் ரீட்டை மறுபடி மூடிக் கதவை அடைத்துவிடும். திருப்பி வைக்காமல் போனாலும் வறண்ட நிலையில் மொத்தம் மூன்றரை மைக்ரோ ஆம்பியர் அளவுதான் போகும், புது செல் மாதக்கணக்கில் தாங்கும். தவறுதலாக விழிப்பது பெரிய குற்றம் அல்ல. விழித்ததும் ரேடியோவில் கத்தத் தொடங்குவதும், ஆயுள் கணக்கை ஆரம்பிப்பதும்தான் குற்றம்.

நடுவில் ரீசெட் ஆனால் ஃபிளாஷில் தொடக்க நேரம் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதிலிருந்து தொடர வேண்டும். புதிதாகத் தொடங்கினால் 14 நாள் முடிந்த சென்சார் இன்னொரு 14 நாள் பொய் சொல்லும். இன்சுலின் போடுபவர் அதை நம்பி மருந்தளவு முடிவு செய்வார். இந்த ஒரு வரி நிரலுக்குத் தனியாக ஒரு சோதனை எழுதுங்கள்.

என்எஃப்சி வழியைத் துணையாக வைத்தால்

என்டாக் ஐ2சி பிளஸ் போன்ற டேக் சிப்புகளில் அலை பட்டால் சொல்லும் பின் ஒன்று உண்டு. எஸ்டி25டிவி வகையில் அலையிலிருந்தே மின்சாரம் எடுத்துத் தரும் பின்னும் உண்டு. பின்னதை இன்னொரு பிஎஸ்எஸ்138-இன் கேட்டுக்குக் கொடுத்து, அதை க்யூ2-வுக்கு இணையாகப் போட்டால் பேட்டரியிலிருந்து ஒரு துளி எடுக்காமல் கதவு திறக்கும். ரீட் ஒட்டிக்கொண்டுவிட்டால் இதுதான் மீட்பு வழி. 13.56 மெகா ஹெர்ட்ஸுக்கு, உள் தேக்கம் 28.5 பிக்கோ ஃபாரட் உள்ள சிப்புக்கு 4.83 மைக்ரோ ஹென்றி சுருள் வேண்டும், 50 பிக்கோ உள்ளதற்கு 2.75. செல் சுருளுக்குப் பின்னால் வந்தால் சுதி தப்பும். நடுவே ஃபெரைட் தாள் ஒட்டிவிட்டுச் சுதி பாருங்கள், ஒட்டுவதற்கு முன் அல்ல.

நானோ ஆம்பியரை அளப்பது

சாதாரண மல்டிமீட்டரின் மைக்ரோ ஆம்பியர் வரிசை இதற்கு உதவாது. பேட்டரியின் பாசிட்டிவில் 100 கிலோ ஓம் தொடராகப் போட்டு, அதன் குறுக்கே 200 மில்லி வோல்ட் வரிசையில் அளங்கள். 0.1 மில்லி வோல்ட் என்றால் 1 நானோ ஆம்பியர். நம் சுற்றுக்கு 13 அல்லது 14 மில்லி வோல்ட் வர வேண்டும், 20-ஐத் தாண்டினால் எங்கோ ஒழுகுகிறது. அந்தத் தடைக்கு இணையாக ஒரு ஸ்விட்ச் வைத்துக்கொண்டால் போர்டை எழுப்பிப் பார்க்கும்போது மூடிவிடலாம். ஐம்பது ஹெர்ட்ஸ் இரைச்சலால் எண் ஆடினால் தடையின் குறுக்கே 1 மைக்ரோ ஃபாரட் பிலிம் தேக்கி போட்டு, போர்டை மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவுக்குள் வைத்து, டப்பாவைத் தரையில் இணைக்கவும். மூடி இன்னொரு காரணத்துக்கும் வேண்டும். உறையில்லாத சில்லு வடிவச் சிப்புகள் வெளிச்சத்தில் ஒழுகும். ஜன்னலோரம் பகலில் ஒரு எண், இரவில் ஒரு எண் வந்தால் அதுதான்.

ஈரமும் சூடும்

22 மெகா ஓமின் எதிரி ஈரம். க்யூ2-இன் கேட்டிலிருந்து தரைக்கு, பற்றவைக்கும்போது தங்கிய ஃபிளக்ஸ் எச்சத்தின் வழியே இன்னொரு 22 மெகா உருவானால் கேட் பாதி வோல்டேஜுக்கு மேல் ஏறாது, திறப்பின் எல்லையில் தள்ளாடும். ஒட்டியும் விழிக்காத கருவி என்பது இப்படித்தான் பிறக்கும். "கழுவத் தேவையில்லை" என்று எழுதிய ஃபிளக்ஸானாலும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தூரிகையால் கழுவி, 60 டிகிரியில் ஒரு மணி உலர்த்துங்கள். அந்தக் கேட்டின் தடத்தைச் சுற்றித் தரைச் செம்பு வராமல் ஒரு மில்லிமீட்டராவது இடம் விட்டு, மேலே பூச்சு கொடுங்கள். பூச்சு கொடுக்க வழியில்லை என்றால் 22-ஐ 10 மெகாவாக்குங்கள். அலமாரிச் செலவு 3.9 மில்லி ஆம்பியர் மணியாக உயரும், ஆனால் விழிப்பு உறுதிப்படும். இரண்டில் ஒன்று என்றால் விழிப்பையே தேர்ந்தெடுங்கள்.

சோதிக்க ஈரப்பத அறை வேண்டாம். காற்றுப் புகாத டப்பாவின் அடியில் சமையல் உப்பைச் சேறு பதத்துக்கு நனைத்து வைத்தால் உள்ளே 75 சதவீத ஈரப்பதத்தில் நிற்கும். போர்டை மேலே தட்டில் வைத்து இரண்டு நாள் விட்டு அளங்கள். பனிமூட்ட மாதங்களில் ஏற்காட்டில் திறந்த ஜன்னலோரம் ஓர் இரவு வைப்பது அதைவிடக் கடுமையான தேர்வு. காலையில் போர்டின் மேல் பனித்துளியே நிற்கலாம். மின்முனைகள் மேல் அப்படிப் படிந்தால் "நனைந்தது" என்று ஏமாறுகிறதா என்றும் பார்த்துவிடலாம்.

சூட்டுக்கு 45 டிகிரியில் ஒரு நாள் வைத்து, சூடாக இருக்கும்போதே அளக்கவும், ஆறிய பிறகு அல்ல. கிருமிநீக்கத்துக்கு எலக்ட்ரான் கற்றை பயன்படுத்தப் போகிறீர்களானால், வழக்கமான 25 கிலோ கிரே அளவுக்குப் பிறகு இன்னொரு முறை அளந்தாக வேண்டும். கதிர்வீச்சு மாஸ்ஃபெட்டின் திறப்பு வோல்டேஜை நகர்த்தி, ஒழுக்கைக் கூட்டிவிடும்.

எத்தனை முறை எழுப்பிப் பார்ப்பது?

பத்து முறை விழித்தது என்பது எதையும் நிரூபிக்காது. ஒரு தோல்வியும் இல்லாமல் 300 முறை விழித்தால்தான், தோல்வி வீதம் 1 சதவீதத்துக்குக் கீழே என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம். ஒரே போர்டை 300 முறை அல்ல, 20 போர்டாவது வைத்து 15 முறை வீதம். சர்வோ மோட்டாரில் காந்தத்தை ஒட்டி விலக்கும் சிறு பொறி கட்டிவிட்டால் ஒரு பிற்பகலில் முடியும். காந்தத்தை வேகமாகவும், மெல்ல ஊர்ந்தும், கோணலாகவும் விலக்குங்கள். பாதியை 2.4 வோல்ட்டுக்கு இறங்கிய பழைய செல்லோடு செய்யுங்கள். செல்லோடு தொடராக 100 ஓம் போட்டு, குளிரில் கிடந்த செல்லின் உள்தடையையும் நடித்துக் காட்டுங்கள்.

ஒவ்வொரு விழிப்பையும் ஃபிளாஷில் ஓர் எண்ணியில் ஏற்றிவிட்டு, காந்தத்தோடு பெட்டியில் மூடிய போர்டுகளைச் சேலம் பேருந்து நிலையத்திலிருந்து ஏற்காடு போய் வரும் பையில் போட்டு அனுப்புங்கள். திரும்பி வந்ததும் எண்ணியைப் படிக்கும்போது, படிப்பதற்காக நாமே எழுப்பிய ஒன்றைக் கழித்துக்கொண்டால் மிச்சம் சுழியாக இருக்க வேண்டும். சுழியாக இல்லாத போர்டில் காந்தத்துக்கும் ரீட்டுக்கும் உள்ள தூரத்தை முதலில் அளங்கள், நிரலை அப்புறம் பார்க்கலாம்.